ரப்பர்த் தோட்டமும் புகைக்கூடமும்

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ரப்பர் மரத்தடியிலேயே நின்றுவிடுகின்றனர். விடியற்காலைப் பெரட்டு, பால்வெட்டுக் கத்தி, காண்டா வாளி, கங்காணி, லயன் வீடு ஆகியவை அவ்வரலாற்றில் தவறாது இடம்பெறும். அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் மரத்திலிருந்து வடிந்த பால், உலகச் சந்தையில் விலைபோகும் பொருளாக மாறியது மரத்தடியில் அன்று. தோட்டத்து ஸ்டோரிலும் அதனை அடுத்து நின்ற புகைக்கூடத்திலுமே ஆகும். மலாய் மொழியில் ‘ரூமா ஆசாப்’ என வழங்கும் அக்கூடத்தில், தீயைக் காத்தும் புகையை ஆண்டும் வந்த தொழிலாளரின் கைத்திறம் நம் வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறவில்லை. தோட்டத் தமிழரை வெறும் உடலுழைப்பாளராக மட்டும் கருதும் வழக்கத்திற்கு இக்குறையும் ஒரு காரணமாகும்.

மலையடிவாரத்தில் ஒரு தொடக்கம்

இதனை ஆராய்வதற்குத் தங்காக் வட்டாரம் பொருத்தமான இடமாகும். ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் மலையின் அடிவாரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. முன்னாளில் மூவார் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இது, 2008இல் லேடாங் என்னும் தனி மாவட்டமாகப் பிரிந்து, பின்னர்த் தங்காக் மாவட்டம் எனப் பெயர் மாறியது. துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊராக இன்று பலரும் இதனை அறிவர். மலாயா ரப்பரின் தொடக்க வரலாறோ இம்மலையைச் சுற்றியே அமைந்தது என்பது பலரும் அறியாதது.

1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த விதைகள் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவரான ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், மலாக்காவின் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து அவர் பெரிய அளவில் ரப்பர் பயிரிட்ட புக்கிட் அசஹான், இதே லேடாங் மலையின் மலாக்காப் பக்கத்தில் உள்ளது. மலையின் ஒருபுறம் வேரூன்றிய பயிர், சில ஆண்டுகளில் மறுபுறமாகிய தங்காக், சாகில், மூவார்ப் பகுதிகளிலும் பரவியது.

புகை வந்த வழி

மரம் வந்துவிட்டது, பாலும் வடிந்தது. அதனைக் கெடாமல் கடல் கடந்து அனுப்புவது எங்ஙனம் என்பதே அடுத்த வினா. அமேசான் காட்டு மக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். பனையினத்து மரம் ஒன்றின் கொட்டைகளை எரித்து, எழும் அடர்ந்த புகையில் ஒரு கழியைச் சுழற்றி, அதன்மேல் பாலைச் சிறிது சிறிதாக வார்த்து, ஏடு ஏடாகத் திரளச் செய்தனர். ‘பாரா’ எனப் பெயர்பெற்ற அந்த ரப்பர், உரத்திலும் கெடாத்தன்மையிலும் சிறந்ததாகக் கருதப்பட்டு உயர்ந்த விலை பெற்றது.

ஆசியத் தோட்டங்களோ வேறு வழியிற் சென்றன. இலங்கையில் ஆய்வு செய்த ஜான் பார்க்கின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமிலம் கலந்து பாலை உறையச் செய்யும் முறையை விளக்கினார். உறைந்த கட்டியை உருளையில் இட்டு மெல்லிய தகடாக்கிக் காற்றில் உலர்த்தினர். தகடு தூய்மையாகவே இருந்தது. ஆனால் நம் ஈரக்காற்றில் அது எளிதில் உலர்வதில்லை. உலருமுன்னரே பூசணம் படர்ந்துவிடும். ஆகவே, அமேசான் காட்டின் புகையையும் இலங்கையின் அமில முறையையும் இணைத்தனர். முதல் உலகப்போருக்கு முன்பே புகையிட்ட தகடு மலாயாத் தோட்டங்களில் நிலைபெற்ற பொருளாயிற்று.

புகை என்பது தமிழ்த் தொழிலாளருக்குப் புதியதன்று. விதைக்கென ஒதுக்கிய சோளக்கதிரை அடுப்பின்மேல் தொங்கவிடுவது நாட்டுப்புறத்துப் பழவழக்கம். வண்டும் பூசணமும் அதனை அணுகா. ஊரில் அடுப்பின்மேல் செய்ததையே, தோட்டத்தில் ஒரு பெருங்கட்டடத்தினுள் செய்யவேண்டியிருந்தது.

பாலிலிருந்து தகடு

மரத்திலிருந்து வரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். அதில் நீர் கலந்து, நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு ரப்பர் இருக்குமாறு இளக்குவர். வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, மிக நீர்த்த பார்மிக் அமிலத்தைக் கலப்பர். உறைந்த கட்டியை உருளைகளில் பலமுறை செலுத்தினால், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு கிடைக்கும். இறுதி உருளையில் வெட்டப்பட்ட வரிகள் தகட்டின்மேல் பதியும். இவ்வரிகள் அழகுக்காக இட்டவை அல்ல. அவை தகட்டின் மேற்பரப்பைக் கூட்டுதலின் ஈரம் விரைவில் வெளியேறும். தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் குறையும்.

நீர் வடியும்வரை நிழலில் தொங்கியபின், தகடுகள் புகைக்கூடத்திற்குள் செல்லும். அங்கு அவை நான்கைந்து நாள் இருக்கும். முதல்நாள் வெம்மை 40 முதல் 45 பாகை செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். பின்னர் நாளுக்கு நாள் உயர்த்தி 60 பாகையில் நிறுத்துதல் வேண்டும். வெம்மை குறைந்தால் பூசணம் பிடிக்கும். தொடக்கத்திலேயே மிகுந்தால், மேற்புறம் மட்டும் உலர்ந்து உள்ளீரம் சிறைப்பட்டுக் கொப்புளங்கள் தோன்றும். புகையிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் பூசணத்தைத் தடுக்கும். வெம்மை ஈரத்தைப் போக்கும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழவேண்டும் என்பதே புகைக்கூடத்தின் நுட்பம்.

கூடம் அமைந்த விதம்

இக்கட்டடத்தை வகுத்தோர் எதிர்கொண்ட சிக்கல் யாதெனின், வெம்மையை உள்ளே நிறுத்தவேண்டும், ஈரத்தை வெளியே விடவேண்டும் என்பதே. கதவு, பலகணிகளை முற்றும் அடைத்தால் வெம்மை நிற்கும்; ஆனால் ஈரமும் நிற்கும். திறந்தால் ஈரம் போகும். உடன் வெம்மையும் போகும். இதற்கென முகட்டில் திறந்து மூடத்தக்க காற்றுவழிகளை வைத்தனர். ஈரத்தகடுகள் புகுந்த முதல்நாள் அவற்றை நன்கு திறந்துவிட்டு, தகடு உலர உலரச் சிறிது சிறிதாக மூடினர்.

பழைய கூடங்கள் பல இரண்டு நிலைகளாக அமைந்தவை. கீழே தீக்குழி; மேலே மரச்சட்டங்களில் வரிசை வரிசையாகத் தகடுகள். தீக்கு நேர்மேலே ஓர் இரும்புத் தகட்டைத் தாங்கி நிறுத்துவர். வெம்மை ஓரிடத்தில் குவியாமல் நாற்புறமும் பரவுவதற்கும், தீப்பொறி மேலெழாமல் இருப்பதற்கும் அது உதவிற்று. ரப்பர் எளிதில் தீப்பற்றும் பொருளாதலின், புகைக்கூடத்தைப் பிற கட்டடங்களிலிருந்து விலக்கியே கட்டினர். பின்னாளில் அடுப்பைக் கட்டடத்திற்கு வெளியே வைத்து, நிலத்தடி வழியாகப் புகையைச் செலுத்தும் முறை வந்தது. பெருந்தோட்டங்களில் தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டிகளில் தகடுகளைத் தொங்கவிட்டு, குளிர்ந்த முனையிலிருந்து வெம்மை மிகுந்த முனைக்கு நாள்தோறும் நகர்த்திச் செல்லும் நீண்ட கூடங்களும் எழுந்தன.

சுவரும் கூரையுமே கூடத்தின் உயிர். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு மலிவானது; எளிதில் அமைக்கத்தக்கது. ஆனால் அது வெம்மையை விரைவாக வெளியே கடத்திவிடும். லேடாங் மலைச்சாரலில் மாலைமழை பெய்து இரவு குளிரும்பொழுது, தகரக் கூரை முதலில் குளிரும். ஈரம் செறிந்த புகை அதன் அடிப்புறத்தைத் தொட்டதும் நீராகி, கரிப்பிசினுடன் கலந்து கீழே சொட்டும். அச்சொட்டு விழுந்த தகட்டில் கருங்கறை படியும், தரம் இறங்கும். இதனைத் தவிர்க்கவே தகரத்தின்கீழ்ப் பலகையாலோ அத்தாப்பு ஓலையாலோ ஓர் உட்கூரை இட்டனர். சுவருக்கு நெருக்கமான பலகையையோ செங்கல்லையோ கொண்டனர். செங்கல் சூடேற நேரமாகும். ஏறியபின் எளிதில் விடாது.

அமெரிக்கா முதலிய நாடுகளில் இறைச்சியைப் புகையில் வாட்டுவதற்கு வீட்டிலேயே எஃகுப் பெட்டி செய்வோரும் இதே வினாவையே எதிர்கொள்கின்றனர். அவர்கள் இரண்டு எஃகுத் தகடுகளுக்கிடையே கனிமக் கம்பளியை அடைத்து, உள்வெம்மையை 110 முதல் 120 பாகை அளவில் பலமணி நேரம் நிறுத்துவர். வெம்மையைக் காப்பது எஃகன்று, இடையில் அடைத்த கம்பளியே என்பதை அவர்கள் நன்கறிவர். உணவுக்கான அப்பெட்டியில் சூடேறும் இடங்களில் துத்தநாகம் பூசிய தகட்டைப் பயன்படுத்தலாகாது. மிகுந்த சூட்டில் எழும் அதன் ஆவி நஞ்சாகும். பொருள் வேறு, அளவு வேறு, கொள்கை ஒன்றே. தோட்டத்துப் புகைக்கூடமும் இந்த எஃகுப் பெட்டியும் ஒரே அறிவின் இரு வடிவங்கள் எனலாம்.

தீ காத்தவர்

கட்டடம் எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் அதனை இயக்குவோன் அறிவுடையவனாக இல்லையேல் பயனில்லை. வெட்டி வீழ்த்திய பழைய ரப்பர் மரங்களே விறகு. காய்ந்த விறகு வெம்மை தரும். ஈரவிறகு புகை தரும். எதனை எப்பொழுது எவ்வளவு இடவேண்டும் என்பது நூலில் படித்து அறிவதன்று. ஒரு கிலோ உலர்ந்த ரப்பருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு செல்லும்; சுவரில் விரிசலும் கூரையில் ஓட்டையும் இருப்பின் இன்னும் மிகும். ஆகவே கூடத்தின் பழுதை முதலில் உணர்பவரும் தீ காப்பவரே. இரவிலும் அவர் எழுந்து தீயைப் பார்த்தாக வேண்டும்.

அவர் பணியின் மதிப்பு ஸ்டோரில் தெரிந்தது. புகையிட்ட தகடுகளை வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பார்த்தே தரம் பிரித்தனர். முதல் தரம் முதல் ஐந்தாம் தரம் வரையிலும், முதல் தரத்திற்கும் மேலாக ஒரு சிறப்புத் தரமும் உலக வாணிகத்தில் வகுக்கப்பட்டன. கொப்புளம், கருங்கறை, உலராத வெண்திட்டு, பூசணம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தரம் இறங்கும். பால்வெட்டியவரின் உழைப்பு முழுவதும் புகைக்கூடத்தின் நான்கைந்து நாளில் உயரவும் கூடும், வீழவும் கூடும். இப்பொறுப்பைத் தாங்கியவரை ‘திறனில்லாத் தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் அடக்குவது முறையாகாது.

தோட்டங்களுக்கு வெளியேயும் புகைக்கூடம் செல்வத்தின் வாயிலாக இருந்தது. சிறுதோட்டக்காரர் பலர் ஈரத்தகடுகளையே கடைக்காரரிடம் விற்றனர். புகையிட்டு ஏற்றுமதி செய்தோர் ஊதியம் பெற்றனர். தங்காக்கை அடுத்த மூவாரில் லீ கொங் சியான் 1927இல் தொடங்கிய புகைக்கூட வாணிகமே, பின்னர் லீ ரப்பர் என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. ஒரே புகை ஒருவருக்கு நாட்கூலியையும், மற்றொருவருக்குப் பெருஞ்செல்வத்தையும் தந்தது என்பது வரலாறு காட்டும் உண்மை.

அணைந்த தீ

1965இல் மலேசியா, தரம் குறித்த கட்டி ரப்பர்த் திட்டத்தைத் தொடங்கியது. கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதற்கு மாறாக, அழுக்கு, சாம்பல் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் குறிப்பது அதன் அடிப்படை. ரப்பரைச் சிறு துகள்களாக்கி வெப்பக்காற்றில் சில மணி நேரத்திலேயே உலர்த்த இயன்றது. நான்கைந்து நாட் புகைக்கு அங்கு வேலையில்லை. பின்னர்ப் பல தோட்டங்களில் ரப்பர் அகன்று செம்பனை வந்தது. இன்று மலேசியாவில் பெரும்பாலும் கோப்பையிலேயே உறைந்த ரப்பர் கட்டியே ஆலைக்குச் செல்கிறது. புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாகத் தீயணைந்தன.

ஆயினும் இத்தொழில் உலகினின்று மறைந்துவிடவில்லை. தாய்லாந்திலும் கேரளத்திலும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வரித்தகடுகள் இன்றும் புகையில் உலர்கின்றன. தொழில் அங்கு வாழ்வதால் அதன் சொற்களும் அங்கு வாழ்கின்றன. இங்கோ தொழில் போயிற்று. சொற்களும் அவற்றைத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன. புகைக்கூடத்தில் பணியாற்றியோர் இன்று முதியோர். அவர்கள் தம்முள் வழங்கிய சொற்களை அகராதிகளில் தேடிப் பயனில்லை.

தமிழாசிரியர்கள் மனங்கொண்டால் இக்குறையை ஓரளவு நீக்கலாம். மாணவரைக் கொண்டு தத்தம் வட்டாரத்து முதியோரிடம் கேட்டு, இடிந்து நிற்கும் கூடங்களின் நீள அகலத்தையும், அடுப்பு இருந்த இடத்தையும், எரித்த விறகையும், வழங்கிய சொற்களையும் எழுதி வைக்கச் செய்யலாம். வெப்பம் கடத்தல், ஆவியாதல், ஆவி குளிர்ந்து நீராதல் ஆகிய அறிவியற் பாடங்களுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தன் பாட்டனார் காத்த தீயில் இத்துணை அறிவு இருந்தது என்பதை ஒரு மாணவன் அறிந்துகொள்வானாயின், தோட்டத்து வரலாற்றை அவன் இரங்கத்தக்க கதையாக மட்டும் படிக்கமாட்டான்.