கன்கல் முதல் கரோல்பாக் வரை

டில்லியில் வேலை பார்த்த நம்மவர்களில் கரோல்பாக்கைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் பி.எஸ்ஸி. பட்டத்தோடும் மத்திய அரசின் நியமன உத்தரவோடும் வந்து இறங்கிய எனக்கும் முதல் ஜாகை அங்கேதான். அங்கே ஆரிய சமாஜ் சாலையில் ராமகிருஷ்ண மிஷனின் காசநோய் மருத்துவ நிலையம் இருக்கிறது. காலை வேளையில் பஸ் பிடிக்கப் போகும்போது இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏழைகளைப் பார்ப்பேன். உலகம் மித்யை என்று படித்த ஸந்நியாசிகளுக்கு சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எதற்கு என்ற கேள்வி அப்போதே மனதில் எழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு படித்ததில், இதே கேள்வி அந்த ஸந்நியாசிகளுக்குள்ளேயே பெரிய விவாதமாக நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த வரலாறு நம் அங்கத்தினர்களுக்கும் சுவைக்கும் என்று நினைக்கிறேன்.

டில்லியில் மற்ற மதத்தினரின் மருத்துவத் தொண்டைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழுந்ததாகவே தெரியவில்லை. இன்று பங்களா சாஹிப் குருத்வாரா இருக்கும் இடத்தில் ராஜா ஜெய்சிங்கின் மாளிகை இருந்தது. 1664இல் சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர்கிருஷண் அங்கே வந்து தங்கியபோது நகரத்தில் பெரியம்மை. நோயாளிகளுக்கு அவரே பணிவிடை செய்தார் என்றும், அதே நோயில் மறைந்தார் என்றும் சீக்கிய மரபு சொல்கிறது. அப்போது அவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டாத பர்தா குடும்பத்துப் பெண்களுக்காகக் கிறிஸ்தவ மிஷனரிகள் 1885இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். ஹகீம் அப்துல் ஹமீது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹம்தர்த் யுனானி மருந்துத் தொழிலை 1948இல் வக்ஃபாக்கி, வருமானத்தைக் கல்விக்கும் வைத்தியத்துக்கும் திருப்பினார். இவர்களெல்லாம் தங்கள் மதம் சொன்னதைச் செய்வதாகவே நினைத்தார்கள்.

நம்மிடம் தர்மம் இல்லாமல் இல்லை. குளம் வெட்டுவது, சத்திரம் கட்டுவது, அன்னதானம் செய்வது ஆகியவற்றை இஷ்டாபூர்த்தம் என்று யாகத்தோடு சேர்த்துச் சொன்ன மரபு நம்முடையது. வாலாஜாபாத் அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து, அதாவது 1060களின் பிற்பகுதியைச் சேர்ந்த, நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர்சாலை, அதற்கு ஒரு வைத்தியர், அறுவை சிகிச்சை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், பணிப்பெண்கள், அவரவர்க்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அரசாங்க பட்ஜெட்டைப் படித்துப் பழகிய என் கண்ணுக்கு அது ஒழுங்கான ஒரு ஸாங்ஷன் ஆர்டர்!

ஆனால் அந்த ஆதுலர்சாலை கோயில் ஊழியர்களுக்கும் அங்கே வேதம் படித்த மாணவர்களுக்கும் ஏற்பட்டது. அரசன் தானம் கொடுத்தான். நோயாளியைத் தொட்டவர்கள் நெல் வாங்கிக்கொண்டு தொட்டார்கள். இல்லறத்தானுக்குக் கொடுப்பது புண்ணியம். ஆனால் யாரென்று தெரியாத நோயாளியின் மலஜலத்தைக் கையால் அள்ளுவது மடிக்கும் ஆசாரத்துக்கும் ஆகாது. ஸந்நியாசியோ கர்மாவையே விட்டவர். ஆகவே தொட்டுச் செய்யும் வேலை இருவருக்கும் இடையில் ஆளில்லாமல் கிடந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் கை வைத்தவர்கள் ஒரு சில இளைஞர்கள்.

இதற்கு வித்து ஸ்ரீ ராமகிருஷ்ணரிடம் இருக்கிறது. 1868இல் மதுர்பாபுவோடு காசி யாத்திரை போகும் வழியில் தேவ்கரில் ஏழைகளின் நிலையைப் பார்த்த அவர், இவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடும் தலைக்கு எண்ணெயும் ஒரு துணியும் கொடுத்தாலொழிய யாத்திரை வரமாட்டேன் என்று அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். மதுர்பாபு செலவை நினைத்துத் தயங்கி, கடைசியில் இணங்கினார். 1884இல் வைஷ்ணவ மதத்தின் ஜீவ தயையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தயை காட்ட மனிதன் யார், ஜீவனைச் சிவனாக எண்ணிச் சேவையல்லவா செய்ய வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அறையில் பலர் இருந்தும் நரேந்திரன் என்ற இளைஞன்தான் அதைப் பிடித்துக்கொண்டான். அத்வைதத்தை மறுக்காமல், அத்வைதத்திலிருந்தே சேவைக்கு வழி கண்ட வார்த்தை அது. எல்லாம் பிரம்மம் என்பது மெய்யானால், எதிரே இருமுகிறவனும் அதுதானே?

நரேந்திரன் விவேகானந்தராகி 1897 மே 1ஆம் தேதி கல்கத்தாவில் ராமகிருஷ்ண மிஷனை அமைத்தபோது முதல் ஆட்சேபணை வெளியிலிருந்து வரவில்லை. கூடப் பிறந்தவர் போன்ற ஸ்வாமி யோகானந்தரே, இதெல்லாம் மேல்நாட்டுப் பாணி, குருநாதர் இப்படிச் சொல்லவில்லையே என்றார். அதே மாதம் இன்னொரு சகோதரத் துறவி அகண்டானந்தர் முர்ஷிதாபாத் ஜில்லாவில் பஞ்சத்தின் நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தார். வழியில் கந்தல் உடுத்திய ஒரு சிறுமி, வீட்டில் இருந்த ஒரே தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டதென்று அழுதுகொண்டிருந்தாள். கையிலிருந்த சில்லறையில் ஒரு குடமும் கொஞ்சம் பொரியும் வாங்கிக் கொடுத்தார். உடனே பசித்த குழந்தைகள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மேற்கொண்டு போகவில்லை. மஹுலா கிராமத்தில் தங்கி அரிசி விநியோகத்தைத் தொடங்கினார். திபெத் வரை சுற்றிய அந்தத் துறவி அதே ஜில்லாவில் அநாதைக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரமம் நடத்திக்கொண்டு 1937 வரை வாழ்ந்தார்.

காசியில் 1900இல் நடந்தது இதைவிடச் சின்ன ஆரம்பம். விவேகானந்தரின் கவிதை ஒன்றைப் பத்திரிகையில் படித்த ஜாமினி ரஞ்சன் என்ற வாலிபர், தெருவோரம் சாகக் கிடந்த ஒரு கிழவியைக் கண்டு, யாரிடமோ நாலணா யாசித்துப் பால் வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார். நண்பர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். ஏழைகளுக்கு நிவாரணம் அளிக்கும் சங்கம் என்பது அதன் பெயர். 1902இல் காசிக்கு வந்த விவேகானந்தர், நிவாரணம் அளிக்க நீங்கள் யார் என்று கேட்டு, சேவாசிரமம் என்று மாற்றச் சொன்னார்.

விவாதம் அதோடு ஓயவில்லை. ராமகிருஷ்ணரின் உரையாடல்களை எழுதி வைத்த மகேந்திரநாத் குப்தரே, முதலில் பகவானை அடைய வேண்டும், ஆஸ்பத்திரியெல்லாம் பிறகு என்ற கட்சியைச் சேர்ந்தவர். 1912 நவம்பரில் ஸ்ரீ சாரதா தேவி காசி சேவாசிரமத்தைச் சுற்றிப் பார்த்து, இங்கே குருதேவரே இருக்கிறார் என்று சொல்லி, பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தனுப்பினார். அந்த நோட்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சேதியைச் சொல்லி, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று சாதுக்கள் கேட்க, குப்தரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாராம்.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது ஹரித்வாரை ஒட்டிய கன்கலின் கதைதான். ஹரித்வாரிலும் ரிஷிகேசத்திலும் சாதுக்கள் காலராவிலும் ஜுரத்திலும் மரத்தடியில் கவனிப்பாரின்றி இறப்பதை விவேகானந்தர் தம் பரிவ்ராஜக நாட்களில் பார்த்திருந்தார். அவர் சொற்படி 1901இல் கல்யாணானந்தர் என்ற இளம் சிஷ்யர் கன்கலில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து வைத்தியம் தொடங்கினார். வங்காளத்தை மறந்துவிடு என்பது குருவின் கட்டளை. அதன் பிறகு கல்யாணானந்தர் 36 வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு தடவைகூட வங்காளத்துக்குத் திரும்பவில்லை. 1903இல் அவரோடு சேர்ந்தவர் நிச்சயானந்தர். மகாராஷ்டிரக்காரர், பூர்வாசிரமத்தில் பட்டாளத்தில் இருந்தவர். மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு ரிஷிகேசத்துக்கு நடந்தே போவார். 25 கிலோமீட்டருக்குக் குறையாது. குடிசை குடிசையாக நோயாளி சாதுக்களைப் பார்த்து, பிக்ஷை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் நடந்தே வருவார்.

இருவரும் படுக்கையில் கிடந்தவர்களின் மலம் அள்ளினார்கள், துணி துவைத்தார்கள், இறந்தவர்களைச் சுமந்தார்கள். இதற்கு ஹரித்வார் மடங்கள் கொடுத்த பட்டம் ‘பங்கி சாது’. பங்கி என்பது வடக்கே மலம் அள்ளும் வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட சாதியாரின் பெயர். அந்தச் சாதியாரை இழிவாக நினைத்ததால்தானே அது வசவாயிற்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. கன்கல் துறவிகளைப் பங்தியில் சேர்க்கவில்லை. பண்டாராக்களுக்கு, அதாவது சாதுக்களுக்கு நடக்கும் சமாராதனைகளுக்கு, அழைப்பதில்லை. அவர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. வசை சொன்ன மடத்து சாதுவுக்கு ஜுரம் வந்தாலும் படுக்கை இவர்களிடம்தான்.

நிலைமையை மாற்றியவர் ரிஷிகேசம் கைலாச ஆசிரமத்தின் தலைவர் தன்ராஜ் கிரி. அந்த வட்டாரத்தில் வேதாந்தத்தில் அவருக்கு மிஞ்சியவர் இல்லை என்று பெயர். ஒரு பெரிய பண்டாராவில் இவ்விருவரும் இல்லாததைக் கவனித்த அவர், அவர்களை வரவழைத்துத் தமக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவரைவிட சாஸ்திரம் தெரிந்தவர் யார் இருக்கிறார், வாதாட? எனக்கு இதில் தோன்றுவது, வசை பாடியவர்களுக்கும் காவி, மலம் அள்ளியவர்களுக்கும் காவி, பக்கத்தில் உட்கார வைத்தவருக்கும் காவி. மூவரும் படித்தது ஒரே உபநிஷத். மதம் மனிதனைச் சேவைக்குத் தூண்டுகிறது என்று மேடையில் பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த மூவரையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கு வருவோம். விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்ப வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்ற ஐயங்கார் பள்ளி ஆசிரியர் என்பது பலருக்கும் தெரியும். 1897இல் சென்னை அன்பர்கள் ஒரு துறவியை அனுப்பக் கேட்டபோது, உங்கள் ஊர் வைதிகர்களைவிட வைதிகரான ஒருவரை அனுப்புகிறேன் என்று சொல்லி விவேகானந்தர் ஸ்வாமி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பினார். பூஜை என்றால் அவருக்கு உயிர். வெயில் காலத்தில் குருதேவரின் படத்துக்கு மணிக்கணக்கில் விசிறுவார். அப்படிப்பட்டவர், கோயம்புத்தூரில் பிளேக் நோயில் பெரியவர்களையெல்லாம் இழந்த ஒரு குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துத் துடித்துப்போய், 1905 பிப்ரவரியில் மயிலாப்பூரில் ஏழு பையன்களோடு மாணவர் இல்லத்தைத் தொடங்கினார். பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டவர்கள் ராமஸ்வாமி ஐயங்காரும் அவருடைய உறவினர் ராமானுஜாசாரியாரும். பின்னவர்தான் டாக்டர் வே. ராகவனோடு சேர்ந்து தியாகராஜரின் கிருதிகளை ஆங்கிலத்தில் தந்த புத்தகத்தால் சங்கீத ரசிகர்களுக்குத் தெரிந்தவர். அவர்கள் ஸந்நியாசம் வாங்கவில்லை. ஆனாலும் வாழ்நாளை அந்தப் பையன்களுக்குக் கொடுத்தார்கள். பூஜை அறையில் விசிறிய கை தொண்டுக்கு நீண்டது என்பதால் விசிறியைக் கீழே வைத்ததாக அர்த்தம் இல்லை.

மறுபடி டில்லி. இங்கே மிஷன் காசநோய் நிலையத்தை ஆரம்பித்தது 1933இல். கரோல்பாக்குக்கு வந்தது 1948இல். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் இந்த 1933 என்ற வருஷம் எனக்கு முக்கியம். கிருமியை ராபர்ட் காக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல். ஐஸோநியாஸிட் வந்தது 1952இல். அதாவது கதவைத் திறந்தபோது கொடுக்க மருந்தே கிடையாது! ஓய்வு, சத்தான ஆகாரம், வெயில், காற்று. முடிந்தால் நெஞ்சில் காற்றைச் செலுத்தி நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பது. பலர் இறப்பார்கள் என்று தெரிந்தே ஏற்றுக்கொண்ட வேலை. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் இந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று ‘மார்ச்சளி’ என்பார்கள். தனி டம்ளர், தனி அறை.

பிறகு 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதி சிகிச்சை மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நோயாளி வீட்டிலேயே இருந்து குணமாகலாம், உடன் இருப்பவர்களுக்கும் அதனால் ஆபத்து அதிகமாவதில்லை என்று 1959இல் நிரூபித்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஆராய்ச்சிக்கு மதம் எதுவும் தேவைப்படவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத டாக்டர்கள் உயிரைக் கொடுத்து உழைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நம்பிக்கை இருந்தால்தான் தொண்டு என்று நான் வாதிட வரவில்லை. மருந்து வந்த பின் யாரும் காசநோய் நிலையம் நடத்தலாம். மருந்து வருவதற்குப் பத்து வருஷம் முன்பு கதவைத் திறந்து வைத்திருக்க வேறு ஏதோ வேண்டியிருந்தது. குணமாவான் என்பதற்காக அல்ல, எதிரே இருப்பவன் சிவன் என்பதற்காகச் செய்தால், பலன் வராவிட்டாலும் வேலை நிற்பதில்லை.

கல்யாணானந்தர் 1937இலும் நிச்சயானந்தர் அதற்கு மூன்று வருஷம் முன்பும் மறைந்தார்கள். இரண்டு அறைகளில் தொடங்கியது இன்று பெரிய மருத்துவமனை. டில்லியிலிருந்து ஹரித்வார் போகும் நம் அங்கத்தினர்கள் கன்கலில் தட்ச மகாதேவர் கோயிலைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. சேவாசிரமமும் அதே கன்கலில்தான் இருக்கிறது. ரிக்‌ஷாக்காரரிடம் ‘பங்காளி ஆஸ்பத்திரி’ என்று கேட்டுப் பாருங்கள், கொண்டுபோய் விடுவார்.