விளக்கடி இருட்டு

என் அலமாரியில் ஒரே புத்தகத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. உள்ளே விஷயம் ஒன்றுதான், முகப்பில்தான் வித்தியாசம். ஒன்று 1940-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை வெளியிட்டது. மற்றது 1984-ல் ஓக்லஹோமா சர்வகலாசாலை வெளியிட்டது. இடையிலுள்ள 44 ஆண்டுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

அமெரிக்காவில் ஓக்லஹோமா என்பது புல்வெளியும் செம்மண்ணுமான மாகாணம். அங்கே நார்மன் என்ற ஊரில் 1928-ல் சர்வகலாசாலைப் பதிப்பகம் தொடங்கியது. அதை நடத்திய ஜோசப் பிராண்டுக்குத் தம் மண்ணையும் அதன் ஆதிகுடிகளையும் பற்றிப் புத்தகம் போடவேண்டுமென்று ஆசை. 1932-ல் அதற்கென்றே ஒரு நூல்வரிசையை ஆரம்பித்தார். ஓசேஜ் வம்சத்தவரான ஜான் ஜோசப் மாத்யூஸ் எழுதிய 'வாகொண்டா' அந்த வரிசையில்தான் வந்தது.

1936-ல் ஆஞ்சி டெபோ என்ற அம்மையார் ஒரு கையெழுத்துப் பிரதியை முடித்தார். ஒன்பது வயதில் கூண்டு வண்டியில் பெற்றோருடன் வந்து அந்த மண்ணில் குடியேறியவர் அவர். செரோக்கி முதலான ஐந்து குலத்தாருக்கு, நீர் ஓடும் வரை நிலம் உங்களுடையது என்று வாக்களித்திருந்தார்கள். பிறகு அந்தப் பொது நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று கூறுபோட்டார்கள். எண்ணெய் கிடைத்த நிலத்துக்கு உரிய அநாதைக் குழந்தைகளுக்குக் கோர்ட்டு கார்டியன்களை நியமித்தது. வேலியே பயிரை மேய்ந்தது. அம்மையார் சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் புரட்டி, மேய்ந்தவர்களின் பெயர்களையும் எழுதிவிட்டார். 'இன்னும் நீர் ஓடுகிறது' என்பது புத்தகத்தின் பெயருக்குப் பொருள்.

அந்தப் பெயர்களில் பலர் அப்போது உயிரோடும் செல்வாக்கோடும் இருந்தார்கள். அவதூறு வழக்கு வரும் என்று சர்வகலாசாலை பின்வாங்கியது. பிராண்ட் 1938-ல் பிரின்ஸ்டன் பதிப்பகத்துக்குப் போனார். இரண்டு வருஷத்தில் அங்கிருந்து அதை வெளியிட்டார். அம்மையாருக்கோ சொந்த மாகாணத்தில் நிரந்தரமான சரித்திர ஆசிரியர் பதவி வாய்க்கவில்லை. கல்லூரி நூலகத்தில் நிலப்படங்களைக் காக்கும் வேலைதான் கிடைத்தது.

உள்ளூர்ப் பதிப்பகத்தின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: பக்கத்தில் இருப்பது. ஊர்க் கதை அதற்குத்தான் நன்றாகத் தெரியும். பயமும் அதற்குத்தான் அதிகம். பறவைகளைப் பற்றியும் நதிகளைப் பற்றியும் எழுதினால் வழக்குப் போட யாரும் வருவதில்லை. நதிக்கரை நிலம் யாருடையது என்று கேட்டால்தான் வம்பு.

ஆனாலும், கடைசியில் ஓக்லஹோமாவே அதை அச்சிட்டது. மறு ஆண்டு, 95 வயது அம்மையாரின் படம் மாகாணச் சட்டசபை மாளிகையில் ஏறியது.

உண்மையை வெளியூரார் அச்சிட்டால் அது செய்தி. குற்றம் நடந்த ஊரே அச்சிட்டால் அது ஒப்புதல். அதனால்தான் இரண்டாவது பிரதியையும் வாங்கினேன்.