சங்கிலியும் ஷிஃபாவும்



மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தண்ணீர்ப் பாட்டில்களோடு சிலர் காத்து நிற்பது லோயர் கேம்பில் மட்டும் காணும் காட்சியன்று. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என இப்பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் காணலாம். குழந்தை இரவில் வீரிட்டு அழுகிறது, மகளுக்குப் பரீட்சை பயம் என்று வருவார்கள். ஓதி ஊதித் தருகிறோம். இதில் நமக்கு வெட்கம் ஏதுமில்லை. குர்ஆனில் ஷிஃபா உண்டு என்று நம்புகிறவர்கள் நாம்.

ஆனால் சில வேளைகளில் வேறொரு கேள்வி வருகிறது. "ஹஜ்ரத், பையன் தூங்கியே பல நாளாச்சு. தனியா யார்கிட்டயோ பேசுறான். இது நோயா, ஜின்னா?"

பல ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியோடு ஒரு தாய் வந்தபோது, நாற்பது நாள் ஓதிப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினோம். நாற்பது நாள் நான்கு மாதமாயிற்று. அதற்குள் அப்பையனை வீட்டின் பின்கட்டில் கயிற்றால் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்தக் கயிற்றைக் கண்ணால் கண்ட பிறகே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

நம் பகுதியிலிருந்து மனம் பேதலித்தவர்களை ஏர்வாடிக்கு அழைத்துச் செல்வது நெடுங்கால வழக்கம். தேனி, மதுரை, இராமநாதபுரம் வழியாக பஸ் மாறி மாறிப் போவார்கள். சுல்தான் ஸய்யித் இப்ராஹீம் ஷஹீது அவர்களின் தர்கா அங்கே உள்ளது. தர்கா ஸியாரத் பற்றிய கருத்து வேறுபாட்டை இங்கே நாம் பேசப் போவதில்லை. நம் கவலை, தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களைப் பற்றியது. குடும்பத்தார் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்புவர்; நோயாளி சங்கிலியோடு அங்கேயே கிடப்பார். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் எழுந்தோட முடியவில்லை. அவர்களில் பல சமயத்தவரும் இருந்தனர். ஒரே வாரத்தில் அரசு அக்காப்பகங்களை மூடி, 500-க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

அச்செய்தியைப் படித்தவர்களில் சிலர், இஸ்லாமிய மரபே இப்படித்தான் போலும் என எண்ணினர். நம் மரபு என்ன சொல்கிறது என்று நமக்கே சரியாகத் தெரியாதபோது அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சிகிச்சை செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். துக்கமுற்ற வீட்டாருக்கு வாற்கோதுமையில் காய்ச்சிய தல்பீனா என்னும் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் கொடுக்கச் செய்ததும், அது கவலையைச் சிறிது போக்கும் என்று நபியவர்கள் கூறியதை அவர்கள் அறிவித்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. புத்தி தெளியாதவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது, அதாவது அந்நிலையில் அவர் செய்வது குற்றமாக எழுதப்படாது, என்பது ஃபிக்ஹின் அடிப்படைகளுள் ஒன்று. அல்லாஹ்வே கணக்கெழுதாத ஒருவரைத் தண்டிப்பதுபோல் கட்டிவைக்க நமக்கு ஏது உரிமை?

இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியிலுள்ள பல்க் வட்டாரத்தில் பிறந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ. 934-ல் மறைந்தார். உடல்நலம், மனநலம் இரண்டையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் விடாத எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்ததுதான் நம்மை வியக்க வைத்தது. மரணம், நஷ்டம் போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணமே தெரியாமல் வருவது மற்றொன்று; அது உடலின் கோளாற்றிலிருந்து எழலாம், ஆகவே உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் கலங்கும் நேரத்துக்கென நல்ல எண்ணங்களை முன்பே சேர்த்து வைக்கச் சொன்னார். இன்றைய ஆலோசனை அறைகளில் எண்ணங்களை மாற்றப் பழக்கும் சிகிச்சைக்கு இது மிக நெருங்கியது.

திமிஷ்கில் 1154-ல் நூருத்தீன் ஸன்கீயும், கெய்ரோவில் 1284-ல் சுல்தான் கலாவூனும் எழுப்பிய பீமாரிஸ்தான்களில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. வக்ஃபு வருவாயில் அவை நடந்தன. 1354-ல் ஹலப் நகரில் கட்டப்பட்ட மருத்துவமனையில் அவர்களுக்கென நீரூற்றோடு கூடிய முற்றம் இருந்தது. 1488-ல் எழுந்த எதிர்னே மருத்துவமனையில் நீரோசையும் இசையும் சிகிச்சையாயின.

பெருமை பேசும் நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 1184-ல் திமிஷ்க் சென்ற பயணி இப்னு ஜுபைர், அங்கே மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் எழுதியிருக்கிறார். சங்கிலி நம் வரலாற்றுக்குள்ளும் இருந்தது. அதை மறைப்பது அமானிதம் ஆகாது.

இனி மறுபக்கம். குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008-ல் 'தவா, துஆ' என்ற திட்டம் தொடங்கியது. தர்காவின் முஜாவர்களே, துஆவை முடித்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினார்கள். பின்னர் ஏர்வாடியிலும் இவ்வழி வந்தது. மருத்துவரிடம் போகத் தயங்குபவர், தாம் நம்பும் ஒருவர் சொன்னால் போகிறார். ஆலிம்களும் மதரஸா ஆசிரியர்களும் செய்ய வேண்டிய வேலை அதுவே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த முறையிலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாதென்று தடுத்துவிட்டது.

நாம் கயிற்றில் கண்ட அப்பையனைக் கடைசியில் கானாவிலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முதலில் உறக்கம் வந்தது. காதில் கேட்ட குரல்கள் அடங்கச் சில வாரங்களாயின. நலமாகிவிட்டான் என்று வீட்டார் மாத்திரையை நிறுத்த, நோய் திரும்பியது, மறுபடி தொடங்கினார்கள். ரமளான் வந்தபோது, வேளை மாற்றலாமா, நோன்பு வைக்கலாமா என்று மருத்துவரையே கேட்கச் சொன்னோம். சில மாத்திரைகளுக்கு உடலில் நீர் குறைவது ஆபத்து. அத்தகையவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

தொலைபேசியில் பேச விரும்புவோருக்கு 14416 என்ற 'டெலிமானஸ்' எண் உள்ளது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மதரஸாவின் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே அதை எழுதி வைத்திருக்கிறோம்.

அந்தத் தாய் இன்றும் தண்ணீர் ஓதி வாங்க வருகிறார். ஓதிக் கொடுத்துவிட்டு, மாத்திரை தீர எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்போம். பையன் கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டமொன்றில் வேலை செய்கிறான்; ஜும்ஆவுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து கடைசி ஸஃப்பில் நிற்கிறான்.