வீட்டு ஒலிபரப்பும் நம்மவர் கைப்பொருளும்

பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடரை வீட்டறையிலிருந்தே நடத்தி, பெருநிறுவனத் துணையில்லாப் பாடகரை உலகறியச் செய்யும் இளைஞரை, வேலையற்றவர் என எள்ளுவார் மூவாரிலும் உளர். அன்னார் நம் ஜொகூரின் வரலாற்றை அறியாதவர். 1921-இல் அரசாங்க மின்பொறியாளர் பிர்ச் என்பார் இந்நாட்டிற்கு முதல் வானொலிக் கருவியைக் கொணர்ந்ததும், பின்னர் ஆர்வலர் சங்கம் அமைத்து 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பியதும் ஜொகூரிலேயாம்.

சென்னையிலும் அஃதே. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய அன்பர்கள் மாகாண ரேடியோ கிளப்பை நிறுவி, 1924 ஜூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கினர். கருவியின் ஆற்றல் 40 வாட்டே. எனினும் மாலையில் சங்கீதமும் சொற்பொழிவும் எழுந்தன. பணமின்மையால் 1927-இல் கிளப் வாய் மூடிற்று. அதன் கருவியைப் பெற்ற நகராண்மைக் கழகம் 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்திற்று. கடற்கரையில் ஒலிபெருக்கி பாடிற்று. சபாவில் சீட்டு வாங்க வகையற்றவனும் எச்சாதியானாயினும் மணலில் அமர்ந்து கேட்கலாயிற்று. சீர்திருத்தம் பேசுவோர் இதனை மறந்தது வியப்பே! 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது.

இன்று கோபுரம் வேண்டா; கைபேசி போதும். ஆயின் அக்கிளப்பைக் கொன்ற நோய் தீர்ந்தபாடில்லை. மணப்பந்தலுக்கு ஆயிரங்களை இறைக்கும் நம்மவர், பாடுவோனுக்கு மாதம் ஐந்து வெள்ளி கேட்டால் முகம் திருப்புகின்றனர்.