அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தொடரும் எண்டோமெட்ரியோசிஸ் வலி: குடும்பத்தார் அறிய வேண்டியவை

"ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன வலி?" எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகளிடம் இப்படிக் கேட்பவர்கள் நம்மில் உண்டு. அந்த வலி நடிப்பல்ல; பொறுமைக் குறைவும் அல்ல.

கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு, சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் வளர்வதே இந்நோய். உலகில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வலி ஏன் நீடிக்கிறது?

கண்ணுக்குத் தெரிந்த திசுவை மட்டுமே மருத்துவர் அகற்ற முடியும். எஞ்சியது மீண்டும் வளரலாம். 5 ஆண்டுகளுக்குள் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு நோய் திரும்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, கருப்பைத் தசைக்குள்ளேயே திசு பரவும் அடினோமையோசிஸ், இடுப்புத் தசை இறுக்கம் ஆகியவையும் காரணமாகலாம். பல ஆண்டு வலியால் நரம்புகள் கூர்மையாகி, சிறு தூண்டலையும் பெருவலியாக உணர்த்துவதும் உண்டு. கருப்பையை அகற்றியவர்களுக்கும் வலி தொடரக்கூடும்.

என்ன செய்யலாம்?

உடனே குழந்தை எதிர்பார்க்காதவர்களுக்கு, நோய் திரும்புவதைக் குறைக்க டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரையையோ கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தையோ மருத்துவர் பரிந்துரைப்பார். வலி குறைந்ததும் தாமாக நிறுத்தக் கூடாது. குழந்தை விரும்புவோருக்கு வழி வேறு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சினைப்பையில் மீண்டும் மீண்டும் செய்யும் அறுவை கருமுட்டை இருப்பைக் குறைக்கும் என்பதால் அடுத்த ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம். இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபி சிலருக்குப் பலன் தரும்.

அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதியினர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவை அணுகலாம். ஆபரேஷன் குறிப்பு, திசுப் பரிசோதனை முடிவு, வலி வந்த நாட்களின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

தொழுகையும் நோன்பும்

ஹார்மோன் சிகிச்சையின்போது அவ்வப்போது இரத்தம் கசிவதால் பலர் குழம்புகின்றனர். ஹைளின் அதிகபட்சக் காலம் ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள், ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள். அதைத் தாண்டுவது இஸ்திஹாளா. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) தமக்கு இரத்தம் நிற்கவில்லை என்று கூறியபோது, அது நரம்பிலிருந்து வருவது, ஹைள் அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை புகாரியில் காண்கிறோம். இஸ்திஹாளா உள்ளவர் சுத்தம் செய்து, ஒவ்வொரு வக்துக்கும் உளூச் செய்து தொழ வேண்டும், நோன்பும் நோற்கலாம். அவரவர் வழக்க நாட்களைப் பொறுத்து சட்டம் மாறுவதால், ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்பது நல்லது. வெட்கமாக இருந்தால் கணவர் மூலமோ ஆலிமாவிடமோ கேட்கலாம்.

ரமளானில் டையனோஜெஸ்ட் மாத்திரையின் நேரத்தை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டாம். வலி கடுமையானால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைப்படி நோன்பை விட்டு, பிறகு களா செய்யலாம்.

மருத்துவரிடம் போகும்போது கணவரும் உடன் செல்லட்டும். வலி நாட்களில் அடுப்படி வேலையை வீட்டார் பகிர்ந்துகொள்ளட்டும். நோயுற்ற சகோதரிகளுக்கு அல்லாஹ் நிவாரணம் வழங்குவானாக!