காடு என்றால் எது? வனக் கொள்கையும் பருவநிலை மாற்றமும்

பருவநிலை மாற்றம் என்றதும் ‘மரம் நடுவோம்’ என்று சொல்வதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். நடுவது நற்காரியம்தான். ஆனால் நிற்கும் காட்டைக் காப்பது அதைவிடப் பெரிய காரியம். மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கின்றன. உதிரும் இலைகள் மக்கி அதன் ஒரு பகுதியை மண்ணுக்குள் கொண்டு போகின்றன. இந்தியக் காடுகளில் சேர்ந்திருக்கும் கார்பனில் பாதிக்கும் மேல் மண்ணில்தான் உள்ளது. காட்டை அழித்தால், நூற்றாண்டுகளாகச் சேர்ந்ததில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே காற்றில் கலந்துவிடும்.

அப்படியானால் எது காடு? மத்ரஸாவில் எந்தப் பாடத்தையும் சொல்லின் வரையறையை வைத்தே தொடங்குவார்கள். வரையறை பிசகினால் சட்டமும் பிசகும். வன விஷயத்தில் நடந்திருப்பதும் இதுதான்.

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் முன் அனுமதியின்றி வன நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்றது. ஆனால் காடு என்றால் என்ன என்று அது சொல்லவில்லை. இதற்கு விடை கிடைத்தது நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் வழக்கில். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, ஒரு காலத்தில் தம் குடும்பத்தார் வசமிருந்த அந்தக் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடாக இருப்பதும், யாருடைய நிலமானாலும் அரசுப் பதிவேட்டில் காடு என்றிருப்பதும் காடே என்றது. ஒரு தாலுகாவின் மரங்களுக்காகப் போட்ட வழக்கு நாடு முழுவதிலும் உள்ள காடுகளுக்குக் காவலாக அமைந்தது.

2023இல் வந்த சட்டத் திருத்தம் இந்த வட்டத்தைச் சுருக்கிவிட்டது. முறைப்படி காடாக அறிவிக்கப்பட்டதும், 1980 அக்டோபர் 25 முதல் அரசுப் பதிவேட்டில் காடு என்று ஏறியதும் மட்டுமே இனி காடு. சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த சாலை, ரயில் பாதை போன்றவற்றுக்கு அனுமதியும் தேவையில்லை. இதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், 1996இன் பொருளையே இப்போதைக்குப் பின்பற்றுமாறு இடைக்கால உத்தரவிட்டது.

சட்டத்தில் இப்படிச் சுருங்கும் காடு, கணக்கெடுப்பில் மட்டும் விரிகிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால், அது தென்னந்தோப்பானாலும் செயற்கைக்கோள் கணக்கில் வனப்பரப்புதான். 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உள்வாங்கும் அளவுக்குக் காடுகளையும் மரங்களையும் பெருக்குவதாக இந்தியா உலகுக்கு வாக்களித்துள்ளது. தோப்பையும் காட்டையும் ஒன்றாக எண்ணி இந்த வாக்கை நிறைவேற்றுவது நமக்கு உவப்பாக இல்லை.

ஈடுசெய் காடு வளர்ப்பு என்ற ஏற்பாட்டிலும் இதே சிக்கல். ஓரிடத்தில் காட்டை எடுத்தால் வேறோரிடத்தில் நட்டுக் கொடுக்க வேண்டும். பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம் முதலியவற்றுக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கு ஈடாக மரம் வளர்க்கத் தேர்ந்த இடங்களில் ஒன்று ஹரியானா! வறண்ட சமவெளியில் நடும் கன்று பிழைத்து வளர்ந்தாலும், அந்தத் தீவு மண் சேர்த்து வைத்திருந்த கார்பனுக்கும் அங்கு வாழும் ஷோம்பென் பழங்குடியினரின் இருப்பிடத்துக்கும் அது எப்படி ஈடாகும்?

சரியாகச் செய்ததற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் பழைய காலத்து மொத்த வெட்டுக்குப் பிறகு நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பேறி, பல இடங்கள் பொட்டலாகிக் கிடந்தன. வெறுமனே கன்று நட்டால் அங்கே பிழைக்காது. 1990களிலிருந்து வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதநீர் உள்ளே வந்து வெளியேறத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. அதன் பிறகே கன்றுகள் வேர்பிடித்தன.