உயிலும் காப்பாளரும்: மணவிலக்குப் பெற்ற பெற்றோரின் சட்ட வரலாறு

பழைய இந்து தர்ம நூல்களில் உயிலுக்கு இடமில்லை. மிதாட்சரம் என்னும் இந்து சட்ட மரபின்படி பூர்வீகச் சொத்து கூட்டுக்குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்ற ஆண் பங்காளிகளைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1829-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, இந்து சட்டத்துக்கு ஒவ்வாத உயில் செல்லாது என்றது. ஆண் சந்ததி இல்லாத இந்து உயில் எழுதலாம் என்பதை 1856-இல், நாகலட்சுமி அம்மாள் வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்றது.

1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் எழுத்து, கையொப்பம், இரண்டு சாட்சிகள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. ஆனால் சென்னை மாகாணத்தில் அது நகர எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியானது. தஞ்சாவூரிலும் மதுரையிலும் வாய்மொழியாகச் சொன்ன உயில்கூட 1926 முடியும்வரை செல்லுபடியானது. 1927 ஜனவரி 1 முதல் எல்லா இந்துக்களுக்கும் எழுத்தும் சாட்சிகளும் தேவையாயின. முத்திரைத்தாளோ பதிவோ அன்றும் கட்டாயமில்லை, இன்றும் இல்லை.

சொத்தின் கதை இப்படிப் போக, குழந்தையின் கதை வேறு வழியில் போயிற்று. மைனர் பிள்ளைகளுக்கு உயில் மூலம் காப்பாளரை நியமிக்கத் தந்தைக்கு உரிமை இருந்தது. தாய் உயிரோடு இருக்கும்போதே அவளை ஒதுக்கி வேறொருவரை நியமிக்கவும் முடிந்தது. தாய்க்கு அந்த உரிமை அறவே இருக்கவில்லை. மணவிலக்கைப் பொறுத்தவரை, பல சாதிகளில் வழக்கப்படி திருமணத்தைத் தீர்த்துவிடும் முறை உண்டெனினும், சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்குப் பொதுவான மணவிலக்குச் சட்டம் 1949-இல்தான் வந்தது. 1955-இன் இந்து திருமணச் சட்டம் அதை ஜம்மு காஷ்மீர் நீங்கலாக நாடு முழுவதற்கும் உரியதாக்கியது.

இரண்டு கதைகளும் 1956-இல் சந்தித்தன. கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கை உயிலில் எழுத இந்து வாரிசுரிமைச் சட்டம் வழிவிட்டது. அதே ஆண்டின் காப்பாளர் சட்டம் தாயை ஒதுக்கும் பழைய அதிகாரத்தைத் தந்தையிடமிருந்து பறித்தது: அவர் நியமித்த காப்பாளர், தாய் உயிரோடு இருக்கும்வரை பொறுப்பேற்க முடியாது. ஆனால் தாய்க்கு அச்சட்டம் குறைவாகவே கொடுத்தது. திருமண உறவில் பிறந்த பிள்ளைகளுக்கு, விதவையோ, தந்தை மதம் மாறியதாலோ துறவு பூண்டதாலோ காப்புரிமை இழந்த நிலையில் உள்ள தாயோதான் உயிலில் காப்பாளரை நியமிக்கலாம். மணவிலக்குப் பெற்றுப் பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவளை அது கண்டுகொள்ளவே இல்லை. இது பெரிய அநீதி. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தந்தை பிள்ளைகளைப் பொருட்படுத்தாதபோதும், இருவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு உள்ளபோதும், அவர் உயிரோடு இருக்கையிலேயே தாய் இயற்கைக் காப்பாளர் ஆகலாம் என்றது. எந்த வழக்கிலும் குழந்தையின் நலனே முதன்மை. அதை முடிவு செய்வது நீதிமன்றம்.

இன்னொரு சிக்கலும் தொடர்கிறது. மணவிலக்கு, முன்பு எழுதிய உயிலைத் தானாக ரத்து செய்யாது. புதிய உயில் எழுதியோ, ரத்துப் பத்திரம் எழுதியோ, பழையதைக் கிழித்தோ எரித்தோதான் நீக்க முடியும். உயிலே இல்லாவிட்டால், பிரிந்த கணவனுக்கோ மனைவிக்கோ பங்கு இல்லை, பிள்ளைகள் வாரிசாகிறார்கள். ஆனால் மைனரின் சொத்தை நிர்வகிக்கும் காப்பாளராக வருபவர் பெரும்பாலும் அந்தப் பிரிந்த துணையே. அதனால் உயிலில் நம்பகமான ஒருவரை அறங்காவலராகக் குறித்து, குறிப்பிட்ட வயதுவரை சொத்தை அவரிடம் ஒப்படைக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது.